கேட்காமலே சொல்லும் பெட்டி

என் நாத்தனாருக்கு ஐம்பத்திரண்டு வயது. சொந்தமாக ஒரு விமானம் வைத்திருக்கிறாள். இதை யாரிடமாவது சொன்னால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என் காலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பார்கள். அந்தச் செருப்புக்கும் விமானத்துக்கும் ஒத்துவராது என்று அவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய விமானம். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி வர்ணம் அடித்தது. உடைத்து விறகாக்கலாம் என்று யாரோ மூலையில் தள்ளி வைத்திருந்ததை வாங்கி, ஆறு வருடம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து சரிசெய்து, ஏழாவது வருடம் ஓட்டிக் காட்டினாள். எங்கள் வீட்டுச் சரக்கு வேனைவிட அது மலிவு.

அவளை எல்லாரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய விமான நிலையத்தின் பின்பக்கம் ஒரு கருவிப் பட்டறை இருக்கிறது. அங்கே இருபத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். உயரம் காட்டுவது, வேகம் காட்டுவது, திசை காட்டுவது என்று கண்ணாடி முகம் வைத்த எதுவாக இருந்தாலும் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். பட்டறையில் வைத்த பெயர் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், மட்டும் இன்னும் ‘பாப்பா’ என்கிறார். தலை பாதி நரைத்த பாப்பா.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் ஒரே பதில்தான் சொல்வாள்: “எங்க போறேன்னு கேக்காத ஆளை இன்னும் நான் பாக்கல.” அந்த வீட்டில் அவள் வளர்ந்த விதம் அப்படி. எங்கே போற, யாரோட போற, எப்ப வருவ. இந்த மூன்றையும் கேட்காமல் அவளை வாசற்படி இறங்க விட்டதில்லை. முதலில் அப்பா கேட்டார். அவர் போன பிறகு அண்ணன் அந்தப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அவளும் கேட்டால்தான் சொல்வாள், கேட்டாலும் ஒரே வார்த்தைதான்: “வெளிய.” வானத்துக்குப் போனால் யாரும் கேட்பதில்லை. அந்தத் துணி விமானத்தை அவள் ஏன் அப்படிக் கட்டிக் காத்தாள் என்று மற்றவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். எனக்குக் காரணம் தெரியும்.

என் வீட்டுக்காரர் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். ஆறு சரக்கு வேன்கள் வைத்து ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்றால் அவர் ஓட்டுவதில்லை, ஓட்டுநர்கள் ஓட்டுகிறார்கள், இவர் முன்னறையில் ஒரு பெரிய திரைக்கு எதிரே உட்கார்ந்து ஆறு பச்சைப் புள்ளிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறார். ஒரு புள்ளி ஐந்து நிமிடம் நின்றால் போன் போய்விடும். “என்னப்பா, பதினோரு நிமிஷமா அங்கேயே நிக்கிற?” டயர் பஞ்சர் என்பான். “எந்த டயர்?” என்பார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும், கொஞ்சம் பெருமைதான்.

இப்படி இருந்தபோதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. மீட்டர் விமானத்தை நிறுத்தி வைத்திருப்பது ஊருக்கு வெளியே ஒரு சின்ன விமானத் தளத்தில். அங்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை அவள் பிய்த்து எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாலு மாதம் கழித்து வரும் முதல் தேதியிலிருந்து, இந்த வானத்தில் பறக்கும் எல்லா விமானத்திலும், சின்னதோ பெரியதோ, ஒரு டிரான்ஸ்பாண்டர் இருக்க வேண்டும். பழைய மாதிரி, ரேடார் கேட்டால் மட்டும் பதில் சொல்லும் பெட்டி போதாது. நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இந்த உயரத்தில் இருக்கிறேன் என்று வினாடிக்கு வினாடி தானாகவே சொல்லிக்கொண்டிருக்கும் புது மாதிரி வேண்டும். இல்லாத விமானம் தரையில்தான் நிற்க வேண்டும்.

“பாத்தீங்களா அண்ணி,” என்றாள். “இத்தனை வருஷம் கேட்டாத்தான் சொல்லிட்டிருந்தேன். இனிமே கேக்காமலே சொல்லணுமாம்.”

சிரிப்பாகத்தான் சொன்னாள், ஆனால் அந்தத் தாளை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் தளத்தில் இது பற்றிக் கூட்டம் போட்டார்கள். அங்கே எழுந்து நின்று அதிகாரியை ஒரு பிடி பிடித்திருக்கிறாள். பெரிய விமானங்கள் மேகத்துக்குள்ளிருந்து இறங்கும்போது என்னைப் பார்க்க வேண்டும், அது நியாயம், அதற்கு நான் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேறு யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டாள். அதிகாரி வெள்ளந்தியாக, “யார் வேணும்னாலும் பாக்கலாம்மா, போன்லயே வரும்,” என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். மோதிச் சாகாமல் இருப்பதற்காகக் கருவி வைப்பது என்பது அவள் வயிற்றுப்பாடே. அதை எதிர்த்துப் பேச அவளால் முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அந்த விமான வேலை தொடங்கிய நாளிலிருந்தே அதை எப்படி நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். துணியாம், மரமாம், அதில் தங்கச்சியாம். புதிதாகக் கட்டும் ஒரு கடை வளாகத்தில், நடுக்கூடத்தின் கூரையிலிருந்து கம்பி போட்டுத் தொங்கவிட ஒரு பழைய விமானம் தேடுகிறார்கள் என்று அவருக்கு ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் இதை எடுத்தார்.

“இந்தப் புது சட்டத்துக்கெல்லாம் உன் வண்டி தாங்காது பாப்பா. அங்க தொங்கவிட்டா தினம் ஆயிரம் பேர் பாப்பாங்க. மரியாதையா இருக்கும்.”

“நான் செத்ததுக்கப்புறம் என்னை வேணா தொங்கவிடு அண்ணா. அதைத் தொடாத,” என்றாள் அவள்.

அவர் வாய் வார்த்தையாகச் சொன்னால் பரவாயில்லை. ஆனால் அவருக்கு ஒரு பிடி இருந்தது. அவள் விமானம் வாங்கிய காலத்தில், தளத்தின் விதிப்படி ஒரு விமானத்துக்கு இரண்டு உரிமையாளர் இருக்க வேண்டும். அண்ணன் பெயரைப் போட்டாள். அந்த விதியை எப்போதோ எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. வருடா வருடம் பறக்கும் அனுமதியைப் புதுப்பிக்க இரண்டு கையெழுத்தும் வேண்டும். ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் விமானம் கொட்டகையைவிட்டு வெளியே வராது. இந்த வருடப் புதுப்பித்தலும் அதே முதல் தேதிக்குத்தான்.

அன்று மேசையில் வாக்குவாதம் முற்றி, கடைசியில் அவரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். “சரி. அந்தப் பெட்டியைப் பொருத்தி, அதிகாரி சரின்னு எழுதிக் குடுத்துட்டா, என் பாதியையும் உன் பேருக்கே மாத்திடறேன். முடியலைன்னா கடைக்காரங்களுக்குக் குடுத்துடணும்.” நான் சாட்சி. மறுநாளே மீட்டர் பெயர் மாற்றப் பத்திரத்தை வாங்கி, தன் கையெழுத்தைப் போட்டு, அவர் அலமாரியில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

பெட்டி தேர்ந்தெடுப்பது என்றால் கடைக்குப் போய்க் கைகாட்டுவது என்று நான் நினைத்திருந்தேன். மூன்று வாரம் எங்கள் சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லை. அவள் விமானத்தின் முன்பலகையில் இருப்பது மொத்தம் ஆறு துளை, ஆறிலும் ஆறு கருவி. ஒன்றைத்தான் கழற்ற முடியும், அது கடிகாரம். நேரம் பார்க்கக் கையில் கடிகாரம் இருக்கிறது என்றாள். கடிகாரம் இருந்த துளையின் அகலம் ஐம்பத்தேழு மில்லிமீட்டர். பலகைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி பெட்ரோல் தொட்டி. ஆகவே பெட்டியின் முகம் அந்தத் துளைக்குள் அடங்க வேண்டும், உடம்பு தொட்டியில் இடிக்கக் கூடாது, கம்பிகள் வளையவும் இரண்டு விரற்கடை இடம் வேண்டும். எஞ்சினோடு சுற்றும் ஜெனரேட்டர் மிகச் சின்னது, அதனால் மின்சாரத்தையும் அதிகம் குடிக்கக் கூடாது. இருக்குமிடம் அறியும் ஜிபிஎஸ் உள்ளேயே இருந்தால் நல்லது, தனியாக வாங்கினால் அதை எங்கே வைப்பது என்று இன்னொரு தலைவலி.

சந்தையில் கிடைக்கும் ஒவ்வொரு பெட்டியின் அளவையும் படித்து, பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, பசை போட்டு ஒட்டி, அதே அளவில் செய்தாள். பின்பக்கம் கம்பி வரும் இடத்தில் ஒரு துண்டுக் குச்சி. எங்கள் மேசையில் ஒன்பது அட்டை டிரான்ஸ்பாண்டர்கள் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் துளைக்குள் விட்டுப் பார்ப்பாள். ஏழு தோற்றன. ஒன்று உள்ளே போனது, ஆனால் தொட்டியை முட்டியது. ஒன்று மட்டும் சரியாக உட்கார்ந்தது.

கடைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். என் வீட்டுக்காரர் எதற்கு வந்தார் என்றால், மூக்கை நுழைக்கத்தான். விற்பனைக்காரர் அவரைப் பார்த்தே பேசினார். “சார், இது பெரிய திரை சார். வரைபடமே தெரியும் சார். மேடத்துக்குச் சுலபமா இருக்கும் சார்.” சாருக்குத் தலைகால் புரியவில்லை. திரை என்றாலே அவருக்கு அப்படித்தான். “இதையே வாங்கிடு பாப்பா” என்றார். மீட்டர் பையிலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்து அந்தப் பெரிய திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இந்த அளவுக்குள்ள என்ன வச்சிருக்கீங்களோ அதைக் காட்டுங்க. நின்னுட்டிருக்கும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கும், பேசும்போது எத்தனை இழுக்கும், அதைச் சொல்லுங்க. மேடத்துக்கு வேற எதுவும் சுலபமா இருக்க வேண்டாம்.”

விற்பனைக்காரர் அதற்கப்புறம் சார் பக்கம் திரும்பவே இல்லை. அவள் வாங்கியது ஒரு உள்ளங்கை அளவுக் கருப்புப் பெட்டி. முகத்தில் ஒரு திருகும் நாலு பொத்தானும். பார்த்தால் விமானத்துக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பொருத்தும் வேலையை அவளே செய்தாள். அதற்கான சான்றிதழ் அவளிடம் உண்டு. வரைபடத்தில் பட்டறை மேலாளர் கையெழுத்துப் போட்டார். விமானத்தின் வயிற்றுப்பக்கம் ஒரு விரல் நீள ஆன்டெனா கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக முடிந்தது. சோதனை அதிகாரி வந்தார். தன் கருவியை ஐம்பது அடி தூரத்தில் வைத்துக்கொண்டு அவளைப் பெட்டியைப் போடச் சொன்னார். விமானம் அவர் கருவியில் வந்தது. போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. அவர் உதட்டைப் பிதுக்கி, தோல்வி என்று எழுதி, இன்னும் ஒன்பது நாளில் இந்தப் பக்கம் கடைசியாக ஒரு முறை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் முதல் தேதிக்கு முன்னால் அவருக்கு வேறு நாள் இல்லை.

மீட்டர் எல்லாவற்றையும் கழற்றினாள். கம்பியை மாற்றினாள். பெட்டியைத் திருப்பி எடுத்துப்போய்ப் பட்டறை மேசையில் வைத்தால் கன கச்சிதமாக வேலை செய்கிறது, விமானத்தில் வைத்தால் முனகுகிறது. நாலு நாள் போனது. அவள் சாப்பிடுவதில்லை என்று தெரிந்து நான் பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கிடந்தாள். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் விரலால் சுண்டினாள். தொப் என்று ஒரு செத்த சத்தம். அவள் கை அப்படியே நின்றது.

“அண்ணி, இது துணி.”

“துணின்னு எனக்கே தெரியும்.”

“இல்ல அண்ணி. இது துணி.”

எழுந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பிறகுதான் எனக்கு விளங்கச் சொன்னாள். அந்த மாதிரி ஆன்டெனா தனியாகப் பேசாது, அதன் காலடியில் ஒரு உலோகத் தளம் வேண்டும். பட்டறைக்கு வரும் விமானமெல்லாம் உலோக உடம்பு. அதில் எங்கே திருகினாலும் தளம் தானாகவே இருக்கும், அதனால் இருபத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவள் அதைப் பற்றி யோசித்ததில்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட மேலாளரும் யோசிக்கவில்லை. அனுபவம் அதிகமானவர்கள்தான் இப்படிக் கோட்டைவிடுவார்கள் போலிருக்கிறது. நானாக இருந்தால் பெட்டியோடு வந்த குறிப்பை முதல் வரியிலிருந்து படித்திருப்பேன். இருபத்தாறு வருடம் பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவி, கருவி அடுக்கி ஓய்வு பெற்றவள் நான். படிக்காமல் எதையும் தொட்டதில்லை.

அவள் கண் என் பாத்திரத்தின் மேல் போனது. அலுமினிய மூடி. “வேண்டாம்,” என்றேன். அதற்குள் எடுத்துவிட்டாள். நடுவில் ஒரு துளை போட்டு, ஆன்டெனாவை அதன் வழியே திருகி, துணிக்கு உள்பக்கம் மூடியை வைத்து இறுக்கினாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த சோதனைக் கருவியை என் கையில் கொடுத்து, கொட்டகைக்கு வெளியே ஐம்பது அடி தள்ளி நிற்கச் சொன்னாள். எண் வந்தால் கத்துங்கள் என்றாள். எண் வந்தது. நின்றது. போகவே இல்லை. கத்த மறந்துபோய்க் கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

அதிகாரிக்கு மூடியைக் காட்ட முடியாது. முறையான அலுமினியத் தகடு வெட்டி, மறுபடி வரைந்து, மேலாளரிடம் அசடு வழிந்து கையெழுத்து வாங்கிப் பொருத்தினாள். ஒன்பதாம் நாள் அதிகாரி வந்தார், பார்த்தார், ‘சரி’ என்று எழுதிக் கொடுத்தார். மூடி என் சமையலறைக்குத் திரும்பி வந்தது. மூடியில் ஏன் ஓட்டை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆவி போக என்றேன்.

சான்றிதழைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. வருட அனுமதியில் மட்டும் கையெழுத்துப் போட்டார். பெயர் மாற்றப் பத்திரத்தை எடுத்தால் பேச்சு மாறும். பார்க்கலாம், அவசரம் என்ன, கண்ணாடி வண்டியில் இருக்கிறது, நல்ல பேனா இல்லை. வழவழா கொழகொழா என்று ஒரு மாதம் ஓட்டினார். ஆறப் போட்டால் நாங்கள் மறந்துவிடுவோம் என்று எண்ணம். அந்த ஒரு மாதத்தில்தான் அவர் பறக்கும் விமானங்களைக் காட்டும் அந்தச் செயலியைப் போனிலும் முன்னறைத் திரையிலும் ஏற்றினார். அதிகாரி அன்று கூட்டத்தில் சொன்னாரே, அது.

அதற்கப்புறம் முன்னறைத் திரையில் ஆறு பச்சைப் புள்ளி, ஒரு நீலப் புள்ளி. நீலம் நகர ஆரம்பித்தால் வேன்கள் எங்கே போய் மோதினாலும் அவருக்குக் கவலையில்லை. அவள் இறங்கிய உடனே போன் போகும். “ஏன் ஏரிப் பக்கம் அவ்ளோ தாழ்வா போன? ஏன் அங்க ரெண்டு தடவை திரும்பின? முந்தாநேத்து இருபது நிமிஷத்துல வந்த, இன்னைக்கு ஏன் இருபத்தெட்டு?” அவள் பதில் சொல்லாமல் வைத்துவிடுவாள். அவர் வீட்டுக்கே வரவழைத்து, திரையில் ஒரு விரலை வைத்துக் காட்டினார்.

“இந்தப் பாலம் இருக்கே, இதைத் தாண்டாத. தாண்டினா மலை. தாண்டினேன்னா அடுத்த வருஷம் என் கையெழுத்து கிடையாது. பாதி என்னுது, ஞாபகம் வச்சுக்கோ.”

“வாக்கு குடுத்த அண்ணா.”

“உன் நல்லதுக்குத்தான் பாப்பா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சாட்சியாக இருந்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மாதம் முழுக்க அவள் பாலம் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினாள். கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அந்த நீலக் கோடு ஒரே இடத்தில் வளைந்து வளைந்து திரும்புவதை நான் காப்பி கொண்டுவைக்கும்போதெல்லாம் பார்த்தேன்.

ஒரு நாள் காலை, அப்படிக் காப்பி வைக்கும்போது, திரையின் ஓரத்தில் எங்கள் தெருவின் மேலேயே ஒரு மஞ்சள் புள்ளி இருப்பது கண்ணில் பட்டது.

“இது என்னங்க?”

“அதுவா,” என்றார், வேன் எண்ணைச் சொல்வதுபோல. “நீதான். உன் போன்ல போட்டு ரெண்டு வருஷமாச்சே. பாதுகாப்புக்கு.”

எனக்கு ஒரு நிமிடம் காது கேட்கவில்லை. போன வருடம் ஒரு மதியம், எந்தக் காரணமும் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், பூங்காவில் ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரம் அது. அன்று சாயங்காலம் இவர், “கால் வலிக்குதா?” என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிந்தது. கெட்டவர் இல்லை அவர். அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

சமையலறைக்குப் போய், போனைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். கடைக்குப் போகும் பையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியே இறங்கி, தளத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மஞ்சள் புள்ளி சமத்தாக வீட்டிலேயே இருந்தது.

அன்று மீட்டருக்கு விடுமுறை. கொட்டகையில் எஞ்சின் எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன அண்ணி, சாப்பாடா?” என்றாள்.

“இல்ல. நான்தான். அந்தப் பக்கத்து சீட்டு காலியாத்தானே இருக்கு?”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் மஞ்சள் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். அவள் ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை. “உங்க எடை எவ்ளோ?” என்றாள். சொன்னேன். “உண்மையான எடை அண்ணி. இதுக்குப் பொய் சொன்னா தூக்காது.” மறுபடி சொன்னேன். ஒரு சீட்டில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஏறுங்கள் என்றாள்.

ஏறிய பிறகு பயமாக இருந்தது, அதை மறைப்பானேன். கதவு என் முழங்கைக்கு ஒரு அங்குலம் தள்ளி, அதுவும் துணி. தரை நழுவிப் போனபோது நான் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்துக்கொண்டால்தான் விமானம் விழாது என்று எனக்குள் ஒரு எண்ணம். கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முன்பலகையில், கடிகாரம் இருந்த துளையில், அந்தக் கருப்புப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. ஒவ்வொரு மினுக்கலும் நாங்கள் இருக்குமிடத்தை ஊருக்கே சொல்கிறது.

காதில் மாட்டியிருந்த கருவியில் அவள் குரல் வந்தது. “இந்நேரம் பாத்துட்டிருப்பான்.”

“பாக்கட்டும்,” என்றேன். “பாலத்தைத் தாண்டு.”

“அனுமதி வேணும்னா அடுத்த வருஷம் அவன் கையெழுத்து வேணும் அண்ணி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுத்தான் பஸ் ஏறினேன்.”

அவள் தாண்டினாள். கீழே பாலம் ஒரு தீக்குச்சி அளவுக்கு வந்து, பின்னால் போயிற்று. அப்புறம் மலை. அவர் சொன்ன அளவுக்கு ஒன்றும் பயங்கரமில்லை, பச்சையாக, அமைதியாக இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சின்னத் தளம் உண்டு. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆனது. அங்கே இறங்கி, ஒரு தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். அணைத்து வைத்திருந்த தன் போனைப் போட்டாள். பதினான்கு அழைப்புகள் வந்திருந்தன. பதினைந்தாவது அவள் கையிலேயே அடித்தது. எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“பாப்பா,” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “பாப்பா, புள்ளி காணோம். மலைக்கிட்ட வந்து காணாம போச்சு. அரை மணி நேரமா காணோம். நீ... நீ பேசு பாப்பா.”

மலைக்குப் பின்னால் தாழ்வாக வந்தால், பெட்டி சொல்வது கீழே இருக்கும் கருவிகளுக்கு எட்டாது. அது அவருக்குத் தெரியாது. அந்தக் குரலைக் கேட்டு எனக்கு மனசு இளகியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இளகினால் இன்னொரு மாதம் ஆறப் போடுவார். போனை வாங்கிக்கொண்டேன்.

“அவ நல்லா இருக்கா. இறங்கியாச்சு.”

“நீயா? நீ எப்படி... உன் புள்ளி வீட்லதானே இருக்கு?”

“புள்ளி வீட்ல இருக்கு. நான் இங்க இருக்கேன்.”

“நீ அதுல ஏறினியா? என்கிட்ட ஒரு வார்த்தை...”

“கேளுங்க. அலமாரில ரெண்டாவது தட்டுல பத்திரம் இருக்கு. உங்க சட்டைப் பையில பேனா இருக்கு. கண்ணாடி மூக்குமேலயே இருக்கும். கையெழுத்தைப் போட்டு போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்படியே என் புள்ளியையும் எடுத்துடுங்க.”

“மிரட்டறியா?”

“ஆமா.”

மீட்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தொடர்ந்தேன். முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் இவ்வளவு நீளமாக, இடையில் நிறுத்தாமல் நான் பேசியதில்லை. “போட்டீங்கன்னா நாலு மணிக்கு உங்க தங்கச்சியோட பறந்து வரேன். நீங்க திரையில பாத்துக்கிட்டே இருக்கலாம். போடலைன்னா நான் பஸ்ல வரேன். இன்னைக்கு வருவேனோ, நாளைக்கு வருவேனோ, தெரியாது. பஸ்ல புள்ளி கிடையாது.”

வைத்துவிட்டேன். தகரக் கொட்டகையில் ஒருவர் எங்களுக்கு டீ கொடுத்தார். மீட்டர் என் தோளில் தன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆனது. டீ ஆறிப்போனது. பஸ் நிலையம் எவ்வளவு தூரம் என்று நான் அந்த டீக்காரரிடம் நிஜமாகவே விசாரிக்க ஆரம்பித்தேன்.

இருபது நிமிடத்தில் இரண்டு படம் வந்தது. ஒன்றில் முன்னறைத் திரை. ஆறு பச்சைப் புள்ளி இருந்தது, எங்கள் தெருவின் மேல் ஒன்றும் இல்லை. இன்னொன்றில் பத்திரம். மீட்டர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, பட்டறைக்கு வரும் கருவியைப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு சுழிப்பாகப் பார்த்தாள்.

“கோணலா இருக்கு,” என்றாள். “ஆனா செல்லும்.”